நாலு புள்ளி ஆறு

அண்டா சாய மறுத்தது. நூற்றுப் பதினாலு பிள்ளைகளுக்கான கீரைக் குழம்பு, தள்ளியதும் சாய்ந்துவிடுமா? ஹெப்சிபா துப்பட்டாவை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, அடுப்பு மேடையில் ஒரு காலை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தள்ளினாள். மூன்றாவது தள்ளலில் அது கவிழ்ந்தது. சத்துணவுக் கூடத்தின் சிமெண்ட் தரையில் பச்சையாகப் பரவி, ஆவி பறக்க வாசல் சாக்கடையைத் தேடி ஓடியது.

"அடிப்பாவி," என்றாள் சமையற்காரி அமுலு. கையில் கரண்டி அப்படியே நின்றது. "சோறு வடிச்சிட்டேன். இன்னும் அரை அவருல மணி அடிச்சிடும். புள்ளைங்க எதை ஊத்திக்கினு துன்னும்?"

"அரிசி எந்த அரிசி?"

"கவர்மெண்டு டிப்போ அரிசிதான், வெளியூருலருந்து வர்றது."

"அப்ப சோறு போடுங்க. ஊறுகாய் போடுங்க. தோட்டத்துலருந்து மட்டும் ஒரு இலை உள்ள வரக்கூடாது."

"கேக்கறதுக்கு ஆளில்லன்னு நெனச்சிக்கினியா? யாரு நீ மொதல்ல?"

கேள்வி நியாயமானது. காலை ஒன்பது மணிக்கு மாவட்ட மண் ஆய்வு வண்டி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றபோது யாரும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதிலிருந்து இறங்கிய நாற்பது வயதுப் பெண் அதிகாரி பள்ளித் தோட்டத்தில் நாலு கை மண்ணும் ரெண்டு பிடி கீரையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போனாள். பதினொன்றே காலுக்கு வண்டிக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். ஓடி வந்த வேகத்தில் அண்டா.

"மண்ணு பாக்கறவங்க," என்றாள் ஹெப்சிபா, மூச்சு வாங்க. "பத்து நாளைக்கு முன்னாடி நர்ஸம்மா வந்து புள்ளைங்க சிறுநீரை டெஸ்ட் பண்ணாங்களே, பத்தொம்பது பேருக்கு ரிசல்ட் சரியில்லன்னு சொன்னாங்களே, அதுக்கு வந்திருக்கேன்."

அமுலுவின் கரண்டி கீழே இறங்கியது. அந்தப் பத்தொன்பதில் ஒன்று அவள் மகள் நிரோஷா. ஐந்தாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்ச்.

"குடிக்கற தண்ணி கோளாறுன்னாங்களே?"

"குடிதண்ணியில ஒண்ணும் இல்ல. கீரையில இருக்குது. காட்மியம்னு ஒரு உலோகம். அது சிறுநீரகத்துல போய் உக்காந்துக்கும். ஒரு தடவ உக்காந்தா எழுந்திருக்க இருபது வருசம் ஆகும். அனுமதிச்ச அளவு இவ்வளவுன்னு ஒண்ணு இருக்கு. உங்க கீரையில அதுக்குப் பதிமூணு மடங்கு."

"நானே வெதச்சு, ஏரி மதகுலருந்து நானே தண்ணி மொண்டு ஊத்தின கீர." அமுலுவின் குரலில் கோபம் திரும்பி வந்தது. "தோல் ஷாப்பு கழிவும் முலாம் பூசற கழிவும் நம்ம ஏரியில முப்பது வருசமா கெடக்குது. அது கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும். அப்பல்லாம் கீர துன்னலயா நாங்க? எனக்கு இன்னா ஆச்சு? கல்லாட்டம் இல்லே?"

"கெடந்தது. ஆனா மண்ணு அதை இறுக்கிப் புடிச்சு வெச்சிருந்தது. மண்ணு புளிச்சா புடிய விட்டுடும். தண்ணியில கரையும். வேர் வந்து குடிக்கும். எல்லா வேரையும் விட கீரை வேர்தான்க்கா பெரிய குடிகாரன்."

"எம்மாம் புளிப்பு?"

"ஏழு இருந்தா சரியான மண்ணு. உங்க தோட்டம் நாலு புள்ளி ஆறு."

"ரெண்டு சில்லறதானே கொறச்சல்."

"இது பத்துப் பத்தா எகிறுற கணக்கு. அந்த ரெண்டு சில்லறைக்கு எரநூத்தம்பது மடங்கு புளிப்புன்னு அர்த்தம். மண்ணு தானா இப்படிப் புளிக்காது. யாரோ புளிக்க வெச்சிருக்காங்க."

அமுலு அடுப்பை அணைத்தாள். பக்கத்திலிருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். 

"அப்ப நான்தான்," என்றாள்.

எருக்கந்தாங்கலில் நானூறு ஏக்கரைத் தகர வேலி போட்டு வளைத்து வைத்திருந்தது வேரகம் என்ற கம்பெனி. ஊருக்குள் வந்து மூன்று வருடம் ஆகிறது. கரும்பு நட்டால் சர்க்கரை எடுக்கலாம். அவர்கள் நட்ட ஆளுயரச் செடியில் எடுத்தது நிக்கலும் கோபால்ட்டும். வண்டி, விளக்கு, விமானம் எல்லாம் பேட்டரியில் ஓடுகிற 2042-ஆம் வருடத்தில், அந்த இரண்டுக்கும் நாடுகள் அடித்துக்கொண்டன. மலையைக் குடைய வேண்டாம், கழிவு படிந்த நிலத்தில் செடியை நட்டு, அறுத்து, எரித்து, சாம்பலில் உலோகத்தை அள்ளலாம் என்று கண்டுபிடித்தவனுக்கு விருதெல்லாம் கொடுத்தார்கள். மண் சும்மா கொடுத்துவிடாது. அதனால் ஒரு பாக்டீரியாவைச் செய்தார்கள். மண்ணைப் புளிக்க வைப்பது ஒன்றுதான் அதற்கு வேலை. பால் மாதிரி வெள்ளையாக, நீலப் பீப்பாயில் வரும். அதற்கு வேர்ப்பால் என்று பெயர் வைத்தார்கள்.

அமுலு சொன்னதைக் கேட்டதும், அந்தப் பெயர் வைத்தவனைத்தான் முதலில் கட்டி வைத்து உதைக்க வேண்டும் என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றியது.

"வேலிக்குள்ள செடி எப்புடி வந்துச்சு தெரியுமா? யானை மாதிரி. எல்லாம் அந்தப் பாலோட மகிமன்னு பேசிக்கினாங்க. நம்ம தோட்டத்துக்கும் ஊத்துனா புள்ளைங்களுக்கு நாலு கீர சேத்துப் போடலாமேன்னு ரெண்டு வருசம் முன்ன ஒரு சொம்பு வாங்கியாந்தேன். அரிசி கழுவின தண்ணியில வெல்லத்தப் போட்டு, ஒரு கரண்டி உட்டு உறை ஊத்தி வெச்சேன். புளிச்சுப் பொங்கிச்சு. அதுலருந்து அடுத்த சட்டி. அதுலருந்து அடுத்தது. தோட்டத்துக்கு வாராவாரம் ஊத்தினேன். கேட்டவங்களுக்கும் குடுத்தேன்."

"எத்தனை பேருக்கு?"

"நாப்பது வூடு இருக்கும்."

"அக்கா, அது கம்பெனி சரக்கு. ஒரு சொட்டு வெளிய போனா திருட்டுன்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கு. உங்களுக்கு யாரு குடுத்தது?"

"சொல்ல மாட்டேன்." அமுலு நிமிர்ந்தாள். "உறைக்குக் கேட்டு வந்தவங்களுக்கு இல்லன்னு சொல்ற வூட்டுல பால் தங்காதுன்னு இங்க ஒரு பேச்சு. எவ்ளோ பகையானாலும் ஒரு கரண்டி குடுத்துதான் ஆவணும். குடுத்தவங்களைக் காட்டிக் குடுத்தா நான் மனுசியா?"

அந்தக் கம்பெனியில் எவனாவது ஒருவன் இந்த ஊரில் ஒரு வாரம் தங்கியிருந்தால் போதும், தெரிந்திருக்கும். வெள்ளையாக, பால் என்ற பெயரோடு, புளிக்கிற ஒரு பொருளைக் கொண்டுவந்து இந்த ஜனங்கள் நடுவில் வைத்துவிட்டு, யாருக்கும் தராதே என்றால் நடக்குமா?

"ரெண்டு நாளா கம்பெனி கூப்புடுது, நான் நம்பல. இன்னிக்கு மூணு மணிக்குப் பஞ்சாயத்து ஆபீசுல கையெழுத்துப் போடப் போறேன்," என்றாள் அமுலு.

"என்ன கையெழுத்து?"

"திருடினது நான்தான், பரப்பினது நான்தான்னு. போட்டா கம்பெனி ஊர் மொத்தத்துக்கும் சுண்ணாம்புத்தூள் இறக்குது. ஏரிக்கரையில அறுபது லாரி ரெண்டு நாளா நிக்குது, பாக்கலியா நீ? சுண்ணாம்பு போட்டா மண்ணு சரியாப்பூடுமாமே."

"சரியாகும். புளிப்பு இறங்கினா மண்ணு திரும்ப உலோகத்தைப் புடிச்சுக்கும். ஆனா ஜெயில்ல போடுவாங்கக்கா."

"போடட்டும். புள்ளைங்க மூத்திரத்த கெடுத்துட்டு வூட்டுல உக்காந்து சீரியல் பாக்கச் சொல்றியா?"

ஹெப்சிபாவுக்கு ஆத்திரம் வந்தது. சுண்ணாம்புக்கு ஒரு சமையற்காரியின் கையெழுத்து விலையா? மருந்தை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, நோயாளியிடம் வாக்குமூலம் கேட்கிறவன் எந்த ஊர் வைத்தியன்?

"அந்தச் சட்டி இன்னும் இருக்கா?"

"பொறவு? நேத்துகூட ஊத்தினேனே."

அவள் சட்டியிலிருந்து ஒரு குப்பி. தோட்டத்து மண்ணிலிருந்து ஒரு குப்பி. இரண்டையும் வண்டிக்குள் மரபணு படிக்கும் பெட்டியில் வைத்து ஹெப்சிபா பொத்தானைத் தட்டினாள். திரையில் எழுத்து வந்தது: மூன்று மணி நாற்பது நிமிடம். மணி பதினொன்று ஐம்பது.

பஞ்சாயத்து ஆபீசில் மின்விசிறி மட்டும்தான் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டிருந்தது, கீச்சுக் கீச்சென்று. ஊரில் பாதி வாசலில் நின்றது. உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் தணிகைவேல். வேரகத்தின் களப் பொறுப்பாளர். இதே ஊர்ப் பிள்ளை, விவசாயப் படிப்பு படித்தவன். நிலத்தை முதல் ஆளாகக் குத்தகைக்குக் கொடுத்த கன்னியப்பனின் ஒரே மகன். அப்பாவின் கையெழுத்துக்கு நன்றியாகக் கம்பெனி மகனுக்கு வேலை கொடுத்திருந்தது. அந்தக் கன்னியப்பன் சுவரோரமாகத் தரையில் குந்தி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"வா அத்தை, உக்காரு." தணிகைவேல் தாளை நகர்த்தினான். "பயப்படாத. கேஸு பெருசா போவாது, நான் பேசிக்கறேன். நாளைக்கு மெட்ராஸ்ல லைசென்ஸ் விசாரணை. இந்தத் தாளு அங்க போனா, சாயங்காலமே லாரி கதவு திறக்கும்."

"லாரி கதவை இப்பவே திறந்தா என்ன ஆகும் தணிகைவேல்?" என்றாள் ஹெப்சிபா. "சுண்ணாம்பு கோவிச்சுக்குமா?"

"மேடம், நீங்க கவர்மெண்டு. உங்களுக்கு எல்லாம் சும்மா வரும். கம்பெனிக்கு அப்படியில்ல. எங்க சரக்கு வேலிக்குள்ள இருக்கற வரைக்கும் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. அதைத் திருடி வெளிய ஊத்தினா பொறுப்பு யாருது?"

"உங்களுக்கு நிக்கல் வேணும், கோபால்ட் வேணும். கதவைத் திறந்துட்டு, நீ மட்டும் வா, காட்மியம் உள்ளயே இருன்னு சொன்னா கேக்குமா? வேலிக்குள்ள ஊத்துற புளிப்பு மழையில எங்க போகும்?"

"எங்கயும் போகாது. வேர்ப்பால் நாப்பது நாள்ல தானா செத்துடும். அப்படித்தான் செஞ்சிருக்கோம். நாங்க திரும்பத் திரும்ப ஊத்தறதாலதான் வேலிக்குள்ள உயிரோட இருக்குது." அவனுக்கு அது மனப்பாடமாக வந்தது. "இன்னொண்ணும் சொல்றேன். ஒவ்வொரு பீப்பாய்க்கும் அதோட மரபணுவுக்குள்ளயே நம்பர் பொறிச்சிருக்கு. எந்த வருசம், எந்த வாரம், எந்த நிலத்துக்கு அனுப்பினதுன்னு. திருட்டுப் போனா யார் நிலத்துலருந்து போச்சுன்னு கண்டுபிடிக்க. நெனச்சிருந்தா மண்ணைத் தோண்டி டெஸ்ட் பண்ணி, குடுத்தவன் வாங்கினவன் எல்லாரையும் உள்ள தள்ளியிருக்கலாம். நம்ம ஊராச்சேன்னு நான்தான் மேல பேசி, ஒரு ஆளோட முடிச்சிருக்கேன்."

"அப்படியா? நல்லதாப் போச்சு. அந்த நம்பர்தான் இப்ப என் வண்டியில ஓடிக்கிட்டு இருக்கு. அரை மணி பொறுங்க."

தணிகைவேல் சிரித்தான். பயந்த சிரிப்பு இல்லை. "தாராளமா பாருங்க மேடம். எனக்கென்ன?"

பயந்தது சுவரோரம். கன்னியப்பன் துண்டை வாயிலிருந்து எடுத்தார். கையை ஊன்றி எழுந்தார்.

"நம்பரு எல்லாம் வாணாம்மா. நான்தான் குடுத்தேன்."

விசிறி கீச்சிட்டது. அமுலு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "யோவ், உன்ன யாரு கேட்டா? வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டே?"

"நைனா," என்றான் தணிகைவேல். 

"உறைக்குன்னு கேட்டுச்சுடா. ஸ்கூலு புள்ளைங்களுக்குன்னு கேட்டுச்சு. ஒரு சொம்புதானே. உன் வேலைக்கு ஆபத்து வரும்னு அப்ப தோணல." கன்னியப்பன் மகனைப் பார்க்கவில்லை, ஹெப்சிபாவைப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் புதுசு இல்லம்மா. மண்ணக் கெடுத்தவன்னு ஏற்கெனவே பேர் வாங்கினவன்தான். கம்பெனி வர்றதுக்கு முன்ன ஏரித் தண்ணியில ரெண்டு போகம் மல்லாக்கொட்ட போட்டேன். செடி நல்லாத்தான் வந்துச்சு. புடுங்கிப் பாத்தா அத்தினியும் பொக்கு. தோலுதான் இருக்குது, உள்ள பருப்பு இல்ல. ஆபீசுல மண்ணு குடுத்தேன். யூரியா ஜாஸ்தி போட்டு மண்ணப் புளிக்க வெச்சுட்டேன்னு அட்டையில எழுதிக் குடுத்தாங்க. ஏக்கருக்கு ஒரு மூட்டகூட போட்டதில்ல நான். ஆனா அரசாங்கம் எழுதிடுச்சே. என் கை கெட்ட கைன்னு நானே நம்பிட்டேன். அதுக்கப்புறம்தான் குத்தகைக்கு வுட்டேன். கெட்ட கையில இருந்து நெலத்தக் காப்பாத்தணும்னு."

அந்த அட்டையில் இருந்த கையெழுத்து ஹெப்சிபாவுடையது. அவருக்கு அது நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அவளுக்கு இருந்தது. அந்த வருடம் இந்தப் பக்கத்திலிருந்து சோதனைக்கு வந்த மண் எல்லாவற்றிலும் புளிப்பு. வேறு காரணம் தெரியாதபோது எழுதுவதற்கென்று ஆபீசில் ஒரு காரணம் உண்டு. அதை எழுதினாள். முப்பது அட்டை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டாள்.

"பெரியவரே," என்று ஆரம்பித்தாள். 

தணிகைவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தான். "ஒரு பேருதான் இதுல இருக்கு. ஒரு பேரோட போவட்டும். அத்தை, கையெழுத்துப் போட்டுடு. நைனா பேசினது இந்த ரூமைத் தாண்டக்கூடாது."

"அதுதான் சரி." அமுலு பேனாவை எடுத்தாள். "எங்கடா போடணும்? இங்கியா?"

"அக்கா, பத்து நிமிசம். பத்தே நிமிசம்," என்றாள் ஹெப்சிபா.

"பத்து நிமிசத்துல இன்னா மாறும்? லாரிக்காரன் டீசல் தீந்துடுச்சுன்னு பூட்டான்னா? நிரோஷா நேத்து முகம் வீங்கி எழுந்துக்கினா. உன் பொட்டி வந்து அவளப் பாத்துக்குமா?" பேனா தாளைத் தொட்டது. 'அ' விழுந்தது.

ஹெப்சிபா அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்தாள். அதிகாரிகள் செய்யக்கூடாத காரியம். பிடித்த பிடியை விடவில்லை. "நீங்க போட்டா நாளைக்கு அவங்களுக்கு லைசென்ஸ் கிடைக்கும். அடுத்த ஊருக்குப் போவாங்க. அங்கயும் ஒரு சமையல்கூடம் இருக்கும். அங்கயும் ஒரு அமுலு இருப்பா. பத்து நிமிசம் குடுக்கா."

குடு என்று ஒருமையில் வந்துவிட்டது. அமுலு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பேனாவை மேசையில் வைத்தாள்.

வண்டியிலிருந்து மணியடித்தபோது வாசலில் நின்ற கூட்டம் தானாக வழிவிட்டது. ஹெப்சிபா திரையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். படித்துக்கொண்டே நடந்தவள், வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். மறுபடி படித்தாள்.

"மொதல்ல உங்க சட்டி." அமுலுவைப் பார்த்துச் சொன்னாள். "அதுல இருக்கறது வெறும் மோர்ப்புளிப்பு. வீட்டுல தயிர் உறையுதே, அதே பாக்டீரியா. வேர்ப்பால் ஒரு சொட்டுகூட இல்ல. தணிகைவேல் சொன்னது சத்தியம். நாப்பது நாள்ல செத்துடுச்சு. ரெண்டு வருசமா நீங்க தோட்டத்துக்கு ஊத்தினது வெல்லத்தண்ணிக்கா. நாப்பது வீட்டுக்குக் குடுத்ததும் அதான்."

அமுலுவுக்குப் புரிய நேரமாயிற்று. "அப்ப நான் கெடுக்கலியா?"

"இல்ல."

"அப்ப தோட்டத்துல எப்புடி...?"

"தோட்டத்து மண்ணு முழுக்க வேர்ப்பால் இருக்கு. சாகாத ஜாதி. நாப்பது நாள்ல சாகற வசதி அதுக்குள்ள இன்னும் வைக்கல." ஹெப்சிபா திரையை மேசைமேல் வைத்து, தணிகைவேல் பக்கம் திருப்பினாள். "நம்பர் கீழ இருக்கு. நான் சொன்னா கவர்மெண்டுக்காரி புளுகறான்னு நாளைக்குச் சொல்லுவாங்க. அதுக்கு அர்த்தம் சொல்லத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க."

அவன் அலட்சியமாகக் குனிந்தான். உதடு அசைந்தது. நிமிர்ந்து, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தான்.

"இது தப்பா இருக்கும் மேடம்."

"மூணு தடவை ஓட்டியிருக்கு. மூணும் ஒண்ணு. படிங்க."

"எங்க நைனா குத்தகை முப்பத்தொம்பது தை மாசம். கம்பெனி இந்த ஊருக்குள்ள கால் வெச்சதே அப்பதான். அதுக்கு முன்னாடி இங்க ஒரு பீப்பாய்கூட..." நிறுத்தினான்.

"என்னடா போட்டிருக்கு?" என்றார் கன்னியப்பன்.

"முப்பத்தாறு, நைனா." தணிகைவேலின் விரல் திரைமேல் ஒவ்வொரு எண்ணாக நகர்ந்தது, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையின் விரல் மாதிரி. "ரெண்டாயிரத்து முப்பத்தாறு. நாப்பத்தாறாவது வாரம். கார்த்திகை பொறக்கற வாரம்."

"நான் அந்த மார்கழியிலதானே கொட்ட போட்டேன். மொத பொக்கு அந்த வருசம்தான்."

"ஆமா."

"யாரு நெலத்துக்கு அனுப்பினதுன்னு போட்டிருக்கும்னியே. யாரு நெலம்?"

தணிகைவேல் வாசலைப் பார்த்தான். வாசலில் ஊர் காத்துக்கொண்டிருந்தது. கடைசி நாலு எழுத்தையும் அவன் சத்தமாகவே படித்தான்.

"நெலம் இல்ல நைனா. எருக்கந்தாங்கல் ஏரி, மதகு."